விஷமம் உண்டா என்று கேட்டார்கள்

1

இந்த ஓணத்தோடு நான் வெளிநாட்டுக்குக் குடிவந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. வெளிநாடு என்றதும் விமானத்தையும் பனியையும் கற்பனை செய்துவிடாதீர்கள். வள்ளியூரில் காலை ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் தம்பானூரில் இறக்கிவிட்டுவிடும். திருவனந்தபுரம்தான். இதெல்லாம் ஒரு வெளிநாடா என்று கேட்பீர்கள். என் மகள் தீபா கல்லூரிக்குப் போகிறாள். தமிழ் எழுத்து தெரியாது. நான் "சாப்பிட்டியா?" என்றால் அவள் "கழிச்சு அம்மே" என்கிறாள். பெற்ற பிள்ளை வேறு பாஷையில் பதில் சொல்லும் இடம் எதுவோ அதுதான் வெளிநாடு. அவளால் இதைப் படிக்க முடியாது என்பதால் கொஞ்சம் தைரியமாகவே எழுதப் போகிறேன்.

என் பெயர் செல்வி. கழக்கூட்டத்தில் சர்வீஸ் ரோட்டை ஒட்டி, ஒரு பேக்கரிக்கு மேலே லேடீஸ் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு பேசின், கோபம் வந்தால் மட்டும் குளிரும் ஒரு ஏ.சி. என் கணவர் முருகேசன் ஆரியசாலையில் ஒரு மளிகை மொத்தக் கடையில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் அவர் வருவதற்கு முன்பே வத்தல் நெடி வந்துவிடும். தெருவில் இரண்டு பேராவது தும்முவார்கள்.

பார்லரின் இரண்டாவது நாற்காலி ஷீஜாவுடையது. நெடுமங்காட்டுக்காரி, முப்பத்தாறு வயது, பத்து வருஷமாக என்னோடு இருக்கிறாள். என்னைவிட நன்றாக வெட்டுவாள். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. இங்கே எழுதினால் பரவாயில்லை. அவளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

2

எங்கள் தொழிலை வெளியிலிருந்து பார்த்தால் முடி வெட்டுவது, புருவம் திருத்துவது, கலர் அடிப்பது. உள்ளே வந்து பார்த்தால் பெரும்பாலும் கேட்பது. கழுத்தில் துணியைக் கட்டித் தலையில் கை வைத்த மறு நிமிஷம் பெண்களுக்கு ஏதோ திறந்துகொள்கிறது. நாங்கள் பின்னால் நிற்கிறோம். அவர்கள் கண்ணாடியில் தெரியும் தங்களைப் பார்த்துப் பேசுகிறார்கள், நாங்கள் கூட நின்று கேட்டுக்கொள்கிறோம். பேசினில் தலையைச் சாய்த்துவிட்டால் இன்னும் மோசம். கட்டின புருஷனிடம் சொல்லாததையெல்லாம் எங்கள் பார்லர் கூரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் வள்ளியூரில்தான் நான் தொழில் பழகினேன். அங்கே யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். வெட்கம் என்று நினைக்காதீர்கள். ஒரு பெண் மாடிப்படி ஏறி வருவதற்குள் அவளுடைய ரகசியம் முந்திக்கொண்டு வந்து பார்லரில் உட்கார்ந்திருக்கும். புதிதாகச் சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. கழக்கூட்டம் அப்படியில்லை. எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள், ஃப்ளாட், ஹாஸ்டல். எதிர்க்கதவில் இருப்பவள் பெயர் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் மனசைக் கொட்ட முதலில் கிடைப்பவள் முடி வெட்டுகிறவள்தான்.

எனக்கு இது அவ்வளவாக ஒட்டாது. ஏன் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. மலையாளத்தில் ஒருத்தி அழுதால் எனக்குப் பாதிதான் வலிக்கும். மனசுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் சூடு கொஞ்சம் ஆறிவிடும். வெளிநாட்டில் இருப்பதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. ஷீஜாவுக்கு அந்தக் குடை கிடையாது. அது அவள் தாய்மொழி. சொன்னவள் எழுந்து, முடியை உதறிவிட்டு, லேசாகிப் படியிறங்கிப் போவாள். ஷீஜா தரையில் கிடக்கும் முடியைக் கூட்டிக்கொண்டு நிற்பாள்.

3

எட்டு மாதத்துக்கு முன்னால் ஷீஜா பாடுவதை நிறுத்தினாள். வேலை செய்யும்போது மூக்குக்குள் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள், அது நின்றுவிட்டது. சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து, பார்த்து, திரும்பக் கட்டினாள். ஒரு பெண்ணின் காது மடலில் கத்தரி நுனியால் கீறிவிட்டாள். பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் கவனித்தேன். நீள முடியோடு ஒருத்தி வந்து "ஷார்ட்டாக வெட்டணும்" என்றால், "சேச்சி நோக்கு, எனிக்கு தலவேதன" என்று, அதாவது அக்கா நீயே பார், எனக்குத் தலைவலி என்று, என்னிடம் தள்ளிவிட்டு வெளியே போய்விடுவாள். முடியின் நுனியை மட்டும் வெட்டச் சொன்னால் தலைவலி வராது.

"என்னடி ஆச்சு ஒனக்கு? யார்ட்டயாவது போய்ப் பேசேன். இப்ப எல்லாத்துக்கும் ஆள் உண்டுல்லா" என்றேன்.

"எனிக்கு பிராந்து ஒண்ணுமில்ல சேச்சி" என்று கத்தரியைத் துடைத்தாள். நம்மூரில் பிராந்து என்றால் கோழிக்குஞ்சைத் தூக்கும் பறவை. இங்கே பைத்தியம். வீட்டில் அவளுக்கு வயதான மாமியாரும் பத்து வயது மகன் அப்புவும். கணவன் பெயின்டிங் வேலைக்குப் போகிறான். அங்கே யாரோடும் சண்டை இல்லை. அதனால் என்ன கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஷீஜா பேசுவது மலையாளம். உங்களுக்காக முக்கால்வாசியைத் தமிழாக்கிவிட்டு, சுவைக்காகக் கால்வாசியை அப்படியே விடுகிறேன்.

4

அந்தச் சமயத்தில்தான் படிவம் வந்தது. பார்லர்களில் வேலை செய்பவர்களின் மனநலத்துக்காக ஏதோ ஒரு திட்டம். ஒரு பெண் வந்து ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள். ஷீஜாவுக்கு மலையாளத்தில். என் பெயரைக் கேட்டதும் பையைத் துழாவி, "சேச்சிக்குத் தமிழே உண்டு!" என்று ஒன்றை நீட்டினாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. இருபத்தோரு வருஷத்தில் எனக்கு ஒரு அலுவலகம் கொடுத்த முதல் தமிழ்த்தாள். இதற்காகவே முத்துமுத்தான கையெழுத்தில் நிரப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் கேள்வி: "தங்களுக்கு விஷமம் உண்டா?"

எனக்கு ஆச்சரியம். கடைக்காரர்களின் நடத்தையைச் சோதிக்கிறார்கள் போல. பொய் சொல்லக் கூடாது என்று, "உண்டு" என்று எழுதினேன்.

"எப்போது முதல்?" - "பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே. வாத்தியார் நாற்காலியில் மை தெளித்ததிலிருந்து."

"எந்த நேரத்தில் அதிகம்?" - "மதியம், கடையில் கூட்டம் இல்லாதபோது."

"தங்கள் விஷமத்தால் குடும்பத்தினர் பாதிக்கப்படுகிறார்களா?" - "என் கணவரைக் கேட்கவும்."

"விஷமத்தைக் குறைக்க என்ன செய்கிறீர்கள்?" - "எதுவும் செய்வதில்லை. அதுவும் இல்லாவிட்டால் வாழ்க்கையில் எனக்கு என்ன இருக்கிறது?"

ஷீஜாவின் தாளை ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்: இல்லை, இல்லை, இல்லை.

நான்காம் நாள் தொலைபேசி வந்தது. ஒரு பெண் குரல், காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுவதுபோல அத்தனை மெதுவாக: "செல்வி சேச்சி அல்லே? பேடிக்கண்டா கேட்டோ. நிங்கள் தனிச்சல்ல." பயப்பட வேண்டாம், நீங்கள் தனியாக இல்லை என்கிறாள். நான் சுற்றிப் பார்த்தேன். தனியாக இல்லைதான், நாற்காலியில் ஒருத்தி ஃபேஸ் பேக் பூசிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கட்டாயம் வர வேண்டுமாம். என் படிவத்தைப் படித்து அங்கே எல்லோருக்கும் ரொம்ப வருத்தமாம்.

சாயங்காலம் என்னிடம் இருந்த படிவ நகலை எடுத்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று தீபாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கட்டிலில் விழுந்து புரண்டாள். "அம்மே! விஷமம்னா சங்கடம்! மனப்ரயாசம்!"

எனக்குத் தெரியாதா? மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற தொழில் என்னுடையது. காதில் விழுந்தால் புரியும். ஆனால் தமிழ் எழுத்தில் பார்த்ததும் என் புத்தி வள்ளியூருக்கு ஓடிவிட்டது. மலையாளப் படிவத்தைத் தமிழாக்கிய புண்ணியவான் அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே எழுத்து மாற்றி வைத்துவிட்டார். நான் எழுதிய குறும்பெல்லாம் அங்கே கண்ணீராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நாளைத்தன்னெ விளிச்சு பறயணும், தப்பாப்போச்சுன்னு" என்றாள் தீபா, மானம் போன முகத்தோடு.

சொல்லத்தான் நினைத்தேன். மறுநாள் மதியம் அதே குரல் மறுபடி அழைத்தது. "ஒரு காரியம் மறந்து. வரும்போது ஒரு பைஸ்டாண்டர் வேணும்."

பைஸ்டாண்டர் என்றால் நோயாளியோடு துணைக்கு வருபவர். இங்கே அவர் இல்லாமல் ஆஸ்பத்திரியில் ஒருவர் தும்மக்கூட முடியாது. நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடி கண்ணாடியைப் பார்த்தேன். ஷீஜா சாப்பாட்டுப் பொதியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆள் இருக்கு மேடம்," என்றேன். "கூட்டிட்டு வாரேன்."

5

ஷீஜா உடனே சம்மதித்தாள். இன்னொருத்திக்குத் துணை என்றால் அவள் எந்த மலைக்கும் ஏறுவாள். "சேச்சி இத்ர நாள் ஒண்ணும் பறஞ்ஞில்லல்லோ" என்று, இத்தனை நாள் ஒன்றும் சொல்லவில்லையே என்று, என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் குற்றவுணர்ச்சியாகத்தான் இருந்தது.

வீட்டில் அது இல்லை. முருகேசனிடம் அந்த அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"ஏ செல்வி, ஒனக்கு என்னட்டி செய்யி? எங்கிட்ட சொல்லப்பிடாதா?"

"ஒண்ணுமில்ல," என்று பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான் செய்தேன். மற்றதெல்லாம் அவராகச் செய்தது. மறுநாளிலிருந்து சாயங்காலம் வந்ததும் பாத்திரம் தேய்த்தார். ஆரியசாலையிலிருந்து முந்திரி வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. டி.வி. ரிமோட் என் கைக்கு வந்தது. ஆறு வாரம், என் இல்லற வாழ்க்கையின் பொற்காலம். தீபா சமையலறை வாசலில் நின்று என்னை முறைப்பாள். நான் முந்திரியை அவளுக்கும் நீட்டுவேன்.

6

தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் இரண்டாம் மாடி. கவுன்சிலர் பெயர் அனகா. முப்பது வயதுகூட இருக்காது. மேஜையில் ஒரு டிஷ்யூ பெட்டி, எனக்கு ஒரு மெத்தை நாற்காலி, பைஸ்டாண்டருக்கு ஒரு ஸ்டூல்.

"சேச்சி இஷ்டமுள்ளது பறஞ்ஞோளூ," என்றாள். விருப்பப்பட்டதைச் சொல்லலாமாம்.

இப்போது ஒரு சிக்கல். எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் இருபத்தோரு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் விட்டுப்போன சரக்கு நிறைய இருக்கிறது. ஆள் அடையாளத்தை மாற்றிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. முதல் வாரம், மருமகள் எத்தனை சப்பாத்தி சாப்பிடுகிறாள் என்று எண்ணும் ஒரு மாமியாரைப் பற்றிச் சொன்னேன். என் மாமியாரை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அது ஷீஜாவுக்கும் தெரியும். ஸ்டூலில் இருந்து ஒரு இருமல் கேட்டது.

பஸ்ஸில் அவள் என் தொடையைக் கிள்ளினாள். "சேச்சி! அது மணக்காட்டு டீச்சர்டெ அம்மாயியம்ம அல்லே?"

"யாரோ ஒருத்தி மாமியாதானே. நான் கொஞ்ச நேரம் கடனுக்கு எடுத்தேன்."

ஷீஜா சிரித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க. நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அதோடு உண்மையைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் ஐந்து மாமியார் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இரண்டாம் வாரம் என் கணவர் துபாய்க்குப் போனார். வீடியோவில் அழைத்து எந்தெந்த அறையில் விளக்கு எரிகிறது என்று சோதித்தார். ஆரியசாலையைத் தாண்டாத முருகேசனை நினைத்து ஷீஜா கூரையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம் சரக்கு குழம்பிப்போய், என் டீம் லீடர் லீவு தர மாட்டேன் என்கிறார் என்று சொல்லிவிட்டேன். பார்லர்காரிக்கு ஏது டீம் லீடர்? அனகா எழுதுவதை நிறுத்தி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அதையும் எழுதிக்கொண்டாள்.

7

நான்காம் வாரம் கதை தீர்ந்துவிட்டது. இதெல்லாம் முன்கூட்டியே யோசித்துச் செய்ததா என்று தீபா பிற்பாடு கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். வாய்க்கு வந்ததைத்தான் எடுத்தேன்.

"எனக்கொரு கூட்டுக்காரி இருந்தா மேடம். முழங்கால் வரைக்கும் முடி. அவ்வளவு ஆசையா வளத்தா. ஒரு நாள் திடீர்னு வந்து, பையனைப் போல ஒட்ட வெட்டிருன்னா. வெயில் தாங்கலையாம். பொறவு அவ வரவே இல்ல. எனக்கு அதுல ஒரு சங்கடம்…"

"வெயில் அல்ல."

ஸ்டூலிலிருந்து வந்தது குரல். நான் திரும்பிப் பார்த்தேன். ஷீஜாவின் இரண்டு கையும் மடியில் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

"சேச்சிக்கு அறியில்ல. அவள் கவுண்டர்ல சேச்சிகிட்ட அங்ஙனெ பறஞ்ஞதா. வெயில் அல்ல."

அந்தப் பெண்ணின் பெயர் ஸ்மிதா. இரண்டு வருஷமாக ஷீஜாவின் நாற்காலிக்குத்தான் வருவாள். கணவன் கோபம் வந்தால் முடியைச் சுற்றிப் பிடித்து இழுப்பானாம். அவள் சொல்லச் சொல்ல ஷீஜா கேட்டுக்கொண்டே முடியில் எண்ணெய் வைப்பாள். உச்சந்தலையில் முடி பிய்ந்த இடம் விரலுக்குத் தட்டுப்படும். கடைசியாக வந்த அன்று முழுவதையும் வெட்டச் சொல்லி, கண்ணாடியைப் பார்த்து, "இனி பிடிக்கான் ஒண்ணும் இல்லல்லோ" என்றிருக்கிறாள், இனிப் பிடித்து இழுக்க ஒன்றும் இல்லையே என்று. சிரித்துக்கொண்டே.

"நானும் சிரிச்சு மேடம்," என்றாள் ஷீஜா. "கைக்கண்ணாடியப் பிடிச்சு பின்பக்கம் காட்டி, சினிமாக்காரி போலெ உண்டுன்னு சொன்னேன். அவள் போயி. பின்னெ போன் எடுக்கல. நான் வெட்டினதப் பாத்து அவன் என்ன செஞ்சானோ? அவள் உண்டோ இல்லையோ? எனிக்கு ஒண்ணும் அறியில்ல. ஓரோ தடவை ஒருத்தி ஷார்ட்டா வெட்டுன்னு பறயும்போது என் கை…"

கையைத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் கத்தரி பிடிப்பதுபோல மடங்கி அப்படியே நின்றன.

நான் வாயைத் திறந்தேன். அனகா என்னைப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்தினாள். "செல்வி சேச்சி, கொஞ்சம் எழுந்திரிக்கோ," என்றாள். எழுந்தேன். "ஷீஜ இவிடெ இருக்கு. சேச்சி ஸ்டூலில் இருக்கணும்."

அப்படியாக நான் பைஸ்டாண்டர் ஆனேன். ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் அதுவும் ஒரு சாதனை. பத்து வருஷம் ஒரே அறையில், இரண்டு முழத் தூரத்தில் நின்றிருக்கிறேன். இவள் விரலில் தட்டுப்பட்டது எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் பேசியதை இங்கே எழுத மாட்டேன், அது ஷீஜாவுடையது. அன்றைக்கு அவள் அழுதபோது மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே எனக்கு ஏற்படவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கிளம்பும்போது அனகா என்னைத் தனியாக அழைத்து, நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "சேச்சிக்கு இதுவரை இவிடெ ஒரு பர்த்தாவு, துபாயில் ஒரு பர்த்தாவு, ஒரு மாமியார், ஒரு டீம் லீடர். ரெண்டாமத்த வாரமே மனசிலாயி."

"பின்ன ஏன் மேடம் சும்மா இருந்தீய?"

"சேச்சி கத பறயும்போ நான் சேச்சியெ அல்ல நோக்கியது. ஸ்டூலைத்தான்."

மிச்ச வாரங்களில் ஷீஜா நாற்காலியிலும் நான் ஸ்டூலிலும். பதிவேட்டில் மட்டும் கடைசி வரை நோயாளி நான்தான். பெயர் மாற்ற வேறொரு படிவம் வேண்டும், அது தீர்ந்துவிட்டது என்றார்கள். ஆறாவது வாரம் என் விஷமம் கணிசமாகக் குறைந்திருப்பதாக எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது. முருகேசன் அதைப் பார்த்த அன்றே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

8

ஆனாலும் ஸ்மிதா என்ன ஆனாள் என்பது அப்படியே நின்றது. தெரியாமலே இருக்கவும் பழகிக்கொள்ள வேண்டிவரலாம் என்று அனகா சொல்லியிருந்தாள். ஷீஜா பழகத் தயாராக இருந்தாள். நான் தயாராக இல்லை.

ஸ்மிதா இருந்த ஃப்ளாட் எங்கள் பார்லரிலிருந்து நடக்கும் தூரம். ஒரு திங்கள்கிழமை மத்தியானம் ஷீஜாவை இழுத்துக்கொண்டு போனேன். கையில் பார்லரின் பெயர் அச்சிட்ட ஒரு கவர். அவள் வீட்டில் போய்க் கேட்டு அந்த மனுஷனுக்கு வாசனை காட்டிவிடக் கூடாது என்பதால் கேட்டிலேயே நின்றோம். செக்யூரிட்டி வயசாளி, களியக்காவிளைப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"அண்ணாச்சி, எங்க பார்லர்ல குலுக்கல் போட்டோம். நாலாம் மாடி ஸ்மிதாவுக்குப் பரிசு விழுந்திருக்கு," என்றேன்.

"அவிய போயாச்சே," என்றார் அவர்.

ஷீஜா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போயாச்சுன்னா… எப்பிடி போயாச்சு?"

"கார்ல. ஆறு மாசம் ஆவுமே. அவிய வீட்டுக்காரரு ஆபீசுக்குப் போன பொறவு, அண்ணன்காரரு கார் கொண்டு வந்தாரு. ரெண்டு பெட்டி. பொறவு குக்கரு. அது பெட்டிக்குள்ள கொள்ளாம, கையில தூக்கிட்டு வந்தாவ. மூடி வேற கழண்டு கழண்டு விழுவு. நாந்தான் எடுத்துக் கொடுத்தேன். முடியெல்லாம் ஒட்ட வெட்டி, பய மாதிரி இருந்தாவ. எனக்குக் கையாட்டிட்டுப் போனாவ."

"எங்க போனாங்க?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். அந்த ஆளு வந்து கேட்டதுக்கும் இதத்தான் சொன்னேன்."

"குக்கரா?" என்றாள் ஷீஜா. "எத்ர லிட்டர்?"

அவர் குழம்பி என்னைப் பார்த்தார். பிறகு கையை அகட்டி அளவு காட்டினார். "அஞ்சு லிட்டரு இருக்கும் மோளே."

ஷீஜா அந்தக் கேட்டின் ஓரத் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கும் தெரியவில்லை, அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. நாளைக்குச் சோறு பொங்க வேண்டும் என்ற எண்ணம் இருப்பவள்தான் குக்கரைத் தூக்கிக்கொண்டு போவாள். அதுவும் அஞ்சு லிட்டர். தனியாகப் பட்டினி கிடக்கப் போகிறவளுக்கு அது எதற்கு?

"அவள் முடியை வெட்டினது போறதுக்காக்கும் சேச்சி," என்றாள் ஷீஜா விரல்களுக்கு நடுவிலிருந்து. "அவள் எல்லாம் தீருமானிச்சு வந்திருக்கா. சும்மாவா சிரிச்சா!"

"சரிம்மா, அந்தப் பரிசு என்னது?" என்றார் அண்ணாச்சி.

மாட்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி ரயிலேறி வந்து, ஒரு இலவச ஃபேஷியல் செய்துகொண்டு, நாலு முறுக்கையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

9

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். சில நாள் ஷீஜா இன்னும் சாப்பாட்டுப் பொதியைத் திரும்பக் கட்டுகிறாள். அனகாவிடம் மாதம் ஒரு முறை போகிறாள், இப்போது சொந்தப் பெயரில், துணைக்கு ஆள் இல்லாமல். செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்ததும் முதல் தலை எங்களுடையது. அவள் என் தலையைக் கழுவுவாள், நான் அவள் தலையைக் கழுவுவேன். அதுவரை எங்கள் இரண்டு பேர் தலையையும் யாரும் உட்கார வைத்துக் கழுவியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேசினில் சாய்ந்தவுடன் நானும் மளமளவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டேன், தீபாவைப் பற்றி. கல்லூரி முடிந்ததும் பெங்களூரு போகப் போகிறாளாம். அங்கே போய்க் கன்னடத்தில் பதில் சொல்வாளோ என்று பயமாக இருக்கிறது. "சேச்சி, கண்ணில் ஷாம்பூ போகும், மிண்டாதெ" என்கிறாள் ஷீஜா. பேசாதே என்கிறாள். எத்தனை சுகமான கட்டளை அது!

போன வாரம் ஒரு பாங்க் மேடம் வந்தார். ஷீஜாவின் பழைய கஸ்டமர். வந்து உட்கார்ந்தால் தம்பி பெண்டாட்டியிலிருந்து தலைமை மேனேஜர் வரை எல்லோரையும் பற்றி முறையிடாமல் எழுந்ததில்லை. துணியைக் கட்டியதும் ஆரம்பித்தார்.

"ஷீஜே, ஞான் ஒரு காரியம் பறயட்டே? கேட்டால் நின்றெ சங்கு பொட்டும்." உன் நெஞ்சு வெடித்துவிடும் என்று அர்த்தம்.

நான் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். நூலை இழுத்தபடி காதைத் திருப்பினேன்.

"பற மேடம்," என்றாள் ஷீஜா. "பக்ஷே பத்து மினிட்டு. அது கழிஞ்ஞால் நான் பறயும், மேடம் கேக்கணும்."

மேடம் கண்ணாடியில் அவளை உற்றுப் பார்த்தார். போச்சு, ஒரு கஸ்டமர் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேகவேகமாகச் சொல்லத் தொடங்கினார். தம்பி பெண்டாட்டி எட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டாள். மேனேஜருக்கு நேரம் இருக்கவில்லை.

பிறகு ஷீஜாவின் முறை. அப்பு நூடுல்ஸைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று ஆரம்பித்தாள். மாமியாரின் முழங்கால், பள்ளிக்கூடத்து கணக்கு டீச்சர் என்று அவள் பாட்டுக்குப் போனாள். கத்தரி சீராக ஓடியது. மேடம் நடுநடுவே "அய்யோ", "என்னிட்டு? பின்னெ?" என்றார். எனக்கு நூல் இரண்டு தடவை அறுந்தது.

முடி வெட்டி, உதறி, துணியை அவிழ்த்து, பின்பக்கம் கைக்கண்ணாடியும் காட்டியாகிவிட்டது. "கழிஞ்ஞு மேடம்," என்று ஷீஜா நாற்காலியைத் திருப்பினாள். அடுத்து இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

மேடம் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அவர் ரெண்டு பேரும் இருக்கட்டே," என்றார். "ஆ கணக்கு டீச்சர் பின்னெ என்னா பறஞ்ஞு? நீ பறஞ்ஞு தீர்க்கு."